பதினோரு பேர் வரைந்த தொட்டி

அத்தியாயம் 6

தன்னைத் துப்பறிவாளன் என்று சொல்லிக்கொள்ள சூரியபிரகாஷுக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருந்தது. சொன்னால் எதிராளி சிரிப்பார். சொல்லாவிட்டாலோ கரண்ட் மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவன் என்று நினைத்து வீட்டுக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தச் சனிக்கிழமை காலையிலேயே ஆலங்கண்மாய்ப்பட்டியில் இரண்டு வீடுகளில் அப்படி மீட்டரைப் போய்ப் பார்த்திருந்தான். மரியாதைக்காக ரீடிங்கைக் குறித்துக்கொண்டும் வந்திருந்தான்.

பகலில் கே.கே. நகரில் மருந்து மொத்தக் கடையில் பில் போடுவது அவன் பிழைப்பு. மாலையில் ஒரு டுடோரியல் மாடியில் ஆறு மாதத் துப்பறியும் சான்றிதழ் வகுப்பு. வகுப்பில் அவன்தான் முதல் மாணவன். வெளியே வந்தால் கதை வேறு. முதல் வழக்கில் மூன்று நாள் ஒருவரைப் பின்தொடர்ந்தான். அவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். மூன்றாம் நாள் அவரே நின்று, திரும்பி, இவனுக்கு ஒரு பாலிசியை விற்றுவிட்டார். இரண்டாவது வழக்கைப் பற்றி அவன் யாரிடமும் பேசுவதில்லை. இது மூன்றாவது.

நாகஜோதி அதே வகுப்பில் கடைசி பெஞ்சு. அவனுடைய உதவியாளர் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தான். ஆனால் ஸ்கூட்டி அவளுடையது. ஆகவே விசாரணை எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை அவன் முடிவு செய்தாலும், வண்டி எந்தத் திசையில் போகும் என்பதை அவள்தான் முடிவு செய்வாள்.

ஆலங்கண்மாய்ப்பட்டி கொட்டாம்பட்டியிலிருந்து உள்ளே ஏழு கிலோமீட்டர். போன ஐப்பசி மழையில் கண்மாய் உடைந்து, அந்த ஊர்க் கிறிஸ்தவச் சபையாரின் கோயில் மூன்று பக்கச் சுவரோடு சரிந்துவிட்டது. தகரக் கொட்டகையில் ஆராதனை நடத்திக்கொண்டே, பத்து மாதத்தில் புதுக் கோயிலை எழுப்பிவிட்டார்கள். நாளை காலை பிரதிஷ்டை. எல்லாம் தயார். ஞானஸ்நானத் தொட்டியை வைக்கப் புதிதாகப் பீடம்கூடக் கட்டியாகிவிட்டது. கட்டிய பிறகுதான் தொட்டி எங்கே என்று தேடினார்கள். நூறு வருஷத்துக் கருங்கல் தொட்டி. காணவில்லை.

"தம்பி, நாளைக்கு ஒம்பது மணிக்கு ஆராதனை. முடிஞ்சதும் சபைக்கூட்டம்" என்றார் சபைச் செயலாளர் ஆசீர்வாதம். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். இவர்களை வரவழைத்தவரும் அவரே. போலீஸ் வந்தால் சபைக்கு அவமானம் என்பது அவர் கணக்கு. "இம்மானுவேலை வேலையை விட்டு எடுக்கிற தீர்மானம் டைப் அடிச்சு ரெடியா இருக்கு. உங்க ரிப்போர்ட் ஒண்ணுதான் பாக்கி. நாலு மணிக்குள்ள குடுத்திருங்க."

"ஐயா, விசாரணை இன்னும் முடியலையே."

"முடிவைத்தான் நான் சொல்லிட்டேன்ல? அதுக்கு முன்னாடி வர்றதை நீங்க எழுதுங்க."

இம்மானுவேல் அந்தக் கோயிலில் முப்பத்துநாலு வருஷமாக மணி அடிக்கிறவர். பெருக்கி, பாய் விரித்து, விளக்குத் துடைக்கிறவர். கோயிலுக்குப் பின்னால் ஓர் அறையில் மனைவியோடு குடியிருக்கிறார். வேலை போனால் அந்த அறையும் போய்விடும். தொட்டியை விற்றுவிட்டார் என்று போன ஞாயிறு ஆசீர்வாதம் மைக்கில் அறிவித்து, அவரைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருந்தார். உடைந்த ஜன்னல் சட்டங்களை ஏற்றிப் போக மாசி மாதம் ஒரு பழைய சாமான் லாரி வந்தது. ஏற்றி அனுப்பியவர் இம்மானுவேல். தொட்டியும் அதில்தான் போயிருக்கும் என்பது செயலாளரின் கட்சி.

"லாரி மட்டுமில்ல தம்பி. நம்ம சபையில அறுபத்துமூணு குடும்பம். ஒருத்தருக்காவது அந்தத் தொட்டி அளவு தெரியுமா? அவன் மட்டும் சொல்றான், ஒண்ணரை முழம் அகலம், அடியில நாலு உளிக்கொத்து, விளிம்புல ஒரு வெடிப்புன்னு. விலை பேசுனவனுக்குத்தான்யா அம்புட்டு அளவும் தெரியும்!"

சூரியபிரகாஷுக்கு இது மிகச் சரியாகப் பட்டது. 'வலுவான ஆதாரம்' என்ற தலைப்பின் கீழ் எழுதி, ஸ்கேல் வைத்து இரண்டு முறை அடிக்கோடு போட்டான்.

வெளியே வந்ததும் நாகஜோதி ஒரு காகிதக் கட்டை அவன் முன்னால் ஆட்டினாள். "ஆபீசர், உங்க ஓவியக் கண்காட்சி ரெடி."

காணாமல்போன பொருளைச் சாட்சிகளிடம் வரையச் சொல்ல வேண்டும் என்பது வகுப்பில் சொல்லித் தந்த பாடம். காலையிலிருந்து சபையார் பதினோரு பேரிடம் தாளும் பென்சிலும் கொடுத்திருந்தான். பதினோரு படமும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருந்தன. தரை வரைக்கும் தொங்கும் ஒரு வெள்ளைத் துணி. ஓரத்தில் லேஸ். சிலர் லேஸில் பூ போட்டிருந்தார்கள். எஸ்தர் டீச்சர் மட்டும் துணியில் மூன்று சிலுவை தைத்திருந்தார்.

"தொட்டி எங்கய்யா இதுல?" என்றாள் நாகஜோதி. "பதினோரு பேர் சாட்சியையும் வச்சுப் பாவாடை காணாமப் போச்சுன்னுதான் கேஸ் போட முடியும்."

"வகுப்புல சொன்னபடி செஞ்சேன் ஜோதி."

"அதான் பயமா இருக்கு."

அவனுக்கும் பயமாகத்தான் இருந்தது. மணி பன்னிரண்டு. ஒரு மனிதர் தலைக்கு மேல் கூரை இருக்குமா இருக்காதா என்பது தன்னுடைய நோட்டைப் பொறுத்திருக்கிறது. அந்த நோட்டிலோ இரண்டு வீட்டு மீட்டர் ரீடிங் இருக்கிறது.

அப்போதுதான் பக்கத்துத் தெருவில் அதைக் கண்டான். ஒரு தொழுவத்துக்கு வெளியே, வேப்பமரத்தடியில், வட்டமான கருங்கல் தொட்டி. ஒரு செவலைப் பசு அதில் கழுநீர் குடித்துக்கொண்டிருந்தது. நாகஜோதியைச் சைகையால் நிறுத்தி, பூனை நடை நடந்து போய், அளவு நாடாவை எடுத்துத் தொட்டியின் மேல் வைத்தான். ஒன்றரை முழம்! சரியாக ஒன்றரை முழம்!

"என்னப்பா, மாட்டுக்குச் சட்டை தைக்கப் போறியா?"

சோணை, அந்த வீட்டுக்காரர், வைக்கோல் கட்டோடு நின்றிருந்தார். ஊரில் சபையைச் சேராத விவசாயி வீடுகளில் ஒன்று அவருடையது.

"ஐயா, இந்தத் தொட்டி உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

"எங்காத்தா கல்யாணத்துக்கு அம்மாச்சி வீட்டுச் சீரு."

"அதுக்கு ஆதாரம் ஏதாவது?"

"ஆத்தாவும் போயிருச்சு, அம்மாச்சியும் போயிருச்சு. மாடு இருக்கு, கேட்டுக்க."

பசு அவன் நோட்டின் ஓரத்தை நக்கிப் பார்த்தது. நாகஜோதி வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சூரியபிரகாஷ் விடவில்லை. அடிப்பக்கத்தில் நாலு உளிக்கொத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றான். எப்படியும் கழுவத்தான் வேண்டும் என்று சோணை கடப்பாரையைக் கொண்டுவந்து நெம்பினார். தொட்டி சாய்ந்தது. உள்ளே இருந்த கழுநீர் முழுவதும் துப்பறிவாளனின் முழங்காலுக்குக் கீழே பாய்ந்தது. அடியில் பாசி. உளிக்கொத்து ஒன்றுகூட இல்லை.

"நல்லாப் பாத்துக்க" என்றார் சோணை. "கவுத்துட்டா வெறுங்கல்லு. இதைத் தொட்டின்னு எவன் சொல்லுவான்?" சொல்லிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார். "வெள்ளத்தன்னைக்கு அவுக கோயில் பெஞ்சு நாலு என் வயல்ல மொதந்துச்சு. நாந்தேன் தூக்கிட்டுப் போயிக் குடுத்தேன். பெஞ்சு மொதக்கும் தம்பி. கல்லு மொதக்குமா? விழுந்த எடத்துலதேன் கெடக்கும். அதை விட்டுட்டு என் மாட்டுகிட்ட வந்து அளவெடுக்கிற."

சூரியபிரகாஷ் மன்னிப்புக் கேட்டான். சோணையிடம் ஒரு முறை, பதற்றத்தில் பசுவிடம் ஒரு முறை.

பேண்ட் காயட்டும் என்று இருவரும் வாய்க்கால் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தார்கள். நாகஜோதி அவன் நோட்டைப் பிடுங்கிப் படித்தாள்.

"'வலுவான ஆதாரங்கள்' ரெண்டு பக்கம். தூக்கம் வருது. இது என்ன, 'வழக்கோடு தொடர்பில்லாதவை'? ஒண்ணு, கல் மிதக்காது. ரெண்டு, கவிழ்த்தால் வெறும் கல். மூணு, பசுவுக்கு என் கையெழுத்து பிடித்திருந்தது." அவள் நிமிர்ந்தாள். "ஏய்யா, உன் நோட்டுல இந்தப் பக்கம் மட்டுந்தான் உருப்படியா இருக்கு."

சூரியபிரகாஷ் அதற்குள் காகிதங்களைப் பிரித்திருந்தான். பதினோரு படங்களையும் கட்டையின் மேல் வரிசையாகப் பரப்பிக்கொண்டிருந்தான். காற்றில் பறக்காமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல். லேஸ், லேஸ், லேஸ். ஒருவர்கூடக் கல்லை வரையவில்லை.

"ஜோதி, இவங்க பொய் சொல்லல."

"வேற?"

"இவங்க யாரும் அந்தத் தொட்டியைப் பார்த்ததே இல்ல. பிறந்ததுலருந்து துணியைத்தான் பார்த்திருக்காங்க."

நாகஜோதி முதல் தடவையாகக் கிண்டல் எதுவும் சொல்லாமல் ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டிருந்தாலும் இம்மானுவேல் புதுக் கோயில் ஜன்னலில் சிந்தியிருந்த பெயின்ட்டை பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"தொட்டித் துணியை யாருங்கய்யா துவைப்பாங்க?"

"நாந்தான் தம்பி. மாசத்துக்கு ஒருக்கா. அப்படியே கல்லைச் சாச்சு அடியையும் தொடைப்பேன். உள்பக்கம் மட்டுந்தான் வழுவழுன்னு கொடைஞ்சிருப்பாங்க. வெளியில முரட்டுக் கல்லு. பார்வையா இருக்காதுன்னு ஆதியிலயே துணி போட்டு மூடிட்டாங்க."

அப்படியானால் அளவு தெரிந்திருந்தது குற்றமல்ல; துவைத்தவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? சூரியபிரகாஷ் நோட்டைத் திறந்து, ஸ்கேல் வைத்துப் போட்ட இரண்டு கோடுகளையும் ஸ்கேல் இல்லாமலே அடித்தான்.

"வெள்ளம் வடிஞ்சதும் தேடலையா?"

"இடுப்பளவு சேறு. செவரு மேல செவரு விழுந்து கெடந்துச்சு. காயட்டும், தோண்டிப் பாப்போம்னு இருந்தேன். அதுக்குள்ள கல் சுமக்கிற ஞாயிறு வந்துருச்சு."

அது அந்தச் சபையின் வழக்கம். அஸ்திவாரத்துக்கு மட்டும் கூலிக்கு ஆள் வைக்க மாட்டார்கள். குறித்த ஒரு ஞாயிறு, குடும்பம் குடும்பமாக வந்து, இடிந்த இடத்தில் கிடக்கும் கல்லையெல்லாம் தங்கள் கையாலேயே சுமந்து, உருட்டி, பாட்டுப் பாடிக் குழியில் போட வேண்டும். முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து சாப்பாடு.

"அன்னைக்கு நீங்க இங்க இருந்தீங்களா?" கேட்கும்போதே சூரியபிரகாஷின் குரல் மாறிவிட்டது.

"இல்ல தம்பி. சமையல் அண்டா வாடகைக்கு எடுக்க செக்ரட்டரி ஐயா என்னைக் கோரிப்பாளையம் அனுப்பிச்சாரு. நான் வந்து சேந்தப்ப மணி மூணு. குழியெல்லாம் மூடியாச்சு. எனக்கு ஒரு கல்லு போடக் குடுத்துவைக்கல."

நாகஜோதியும் சூரியபிரகாஷும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கொத்தனார் அழகுபாண்டி வாசற்படிக்குக் கடைசிப் பூச்சுப் பூசிக்கொண்டிருந்தார். மேலூர்க்காரர், இந்தச் சபையோடு கொத்து வேலையைத் தவிர வேறு உறவு இல்லாதவர்.

"அண்ணே, அஸ்திவாரத்துக்குக் கல் போட்டன்னைக்கு உங்களை ஏமாத்துன கல்லு ஏதாவது உண்டா?" என்றான் சூரியபிரகாஷ்.

கேள்வி முட்டாள்தனமாக இருக்கிறதோ என்று அவனுக்கே தோன்றியது. ஆனால் அழகுபாண்டி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"எப்படி மாப்ள கரெக்டா கேக்குற? ஒண்ணு இருந்துச்சு. பாத்தா எட்டு ஆளு தள்ளணும்னு தோணும். ஆனா நாலு ஆளு கனந்தான். குப்புறக் கெடந்துச்சு. சேறு அப்பிக் காஞ்சு போயி, பாதி கல்லு பாதி மண்ணு. சொன்னேன். பாட்டுச் சத்தத்துல யாருக்குக் காது கேட்டுச்சு? வீடியோ இருக்கு பாரு, ஸ்டேட்டஸ்ல வச்சேன்."

ஒன்றே கால் நிமிஷ வீடியோ. நாற்பது பேர் கூடிநின்று, சேறு மூடிய ஒரு கல்லை உருட்டுகிறார்கள். முன்வரிசையில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "தள்ளு! அல்லேலூயா! இன்னும் தள்ளு!" என்று கத்துகிறவர் ஆசீர்வாதம். கல் குழியின் விளிம்பில் ஒரு கணம் சாய்கிறது. அடியில் ஒட்டியிருந்த சேறு பொத்தென்று உதிர்கிறது. நாகஜோதி அங்கே நிறுத்தினாள்.

நாலு உளிக்கொத்து. விளிம்பில் ஒரு வெடிப்பு.

"அண்ணே, இது இப்ப எங்க இருக்கு?"

"வடக்குச் செவரு. மூணாவது சன்னலுக்கு நேர் கீழ. ஏன்?"

"எடுக்க முடியுமா?"

"எடுக்கலாம்" என்றார் அழகுபாண்டி. "மொதல்ல கோயில எடுக்கணும்."

நாலு மணிக்குப் புதுக் கோயிலுக்குள் ஆசீர்வாதம் நாளைய நிகழ்ச்சி நிரலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மைக் ஸ்டாண்டு நட்டு வைக்கப்பட்டிருந்தது. சூரியபிரகாஷ் ரிப்போர்ட்டை நீட்டினான். அதில் 'குற்றவாளியின் பெயர்' என்ற இடம் காலியாக இருந்தது. அறுபத்துமூன்று குடும்பத்தை எழுத அங்கே இடமில்லை.

"இது என்ன தம்பி, பேரு இல்லாம?"

"இதைப் பார்த்துருங்க ஐயா" என்று அழகுபாண்டியின் போனைக் கொடுத்தான்.

ஆசீர்வாதம் பார்த்தார். மறுபடி பார்த்தார். மூன்றாம் முறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பிறகு அருகில் இருந்த பெஞ்சைத் தடவி உட்கார்ந்தார்.

"இதை யாரெல்லாம் பாத்திருக்காங்க?"

"ஸ்டேட்டஸ்ல நூத்தி எம்பது பேரு" என்றாள் நாகஜோதி. "கவலைப்படாதீங்கய்யா. ஒருத்தருக்கும் தெரியல. துணி இல்லாம இருந்துச்சுல்ல."

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, நாளைக்கு வெளியூர்ச் சபையெல்லாம் வருது. நாங்களே கோயில் தொட்டியைக் குழியில தள்ளி அல்லேலூயா போட்டோம்னு சொல்ல முடியுமா? ஒண்ணு செய்யலாம். தொட்டி போனது போனதாவே இருக்கட்டும். இம்மானுவேலைச் சபை மன்னிச்சிருச்சுன்னு சொல்லி வேலையில வச்சுக்கிறோம். அவனுக்கும் வேலை. நமக்கும் மரியாதை."

கேட்க நியாயம் மாதிரியே இருந்தது. சூரியபிரகாஷுக்கு யார் எதைச் சொன்னாலும் நியாயம் மாதிரிதான் இருக்கும். பாலிசி வாங்கியதும் அப்படித்தான். தலையைக்கூடப் பாதி ஆட்டிவிட்டான். பாதியில் கழுத்து நின்றது.

"செய்யாததுக்கு எப்படிங்கய்யா மன்னிக்கிறது?"

குரல் கீச்சென்று வந்தது. ஆனால் புதுக் கோயில், புதுச் சுவர். அந்தக் கீச்சுக் குரலையும் மூலைமூலையாக எடுத்துக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பியது. அது போய்த் தொட்ட கடைசி மூலையில், துடைப்பத்தோடு இம்மானுவேல் நின்றிருந்தார்.

எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. துடைப்பத்தைச் சாத்திவைத்துவிட்டு வந்து, போனை வாங்கி, கண்ணுக்கு எட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு வடக்குச் சுவருக்குப் போய், மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையால் சுவரை இரண்டு தட்டுத் தட்டினார்.

"நல்ல எடந்தான்" என்றார். "இனிமே எந்தக் கண்மாய் ஒடைஞ்சாலும் அசையாது."

ஆசீர்வாதம் பையிலிருந்து டைப் அடித்த தீர்மானத்தை எடுத்தார். நான்காகக் கிழித்தார். "இம்மானுவேல், எல்லாம் சரியாயிருச்சு. திங்கக்கிழமையிலருந்து வழக்கம்போல வா."

"சரிங்கய்யா."

"வேற ஒண்ணும் மனசுல வச்சுக்காத."

"வச்சுக்கலைங்கய்யா." இம்மானுவேல் எழுந்தார். முழங்கால் மளுக்கென்றது. "ஆனா போன ஞாயித்துக்கிழமை என்னைத் திருடன்னு மைக்ல சொன்னீங்க. என் வீட்டம்மா ரெண்டாவது வரிசையில உக்காந்திருந்தா. நாளைக்கும் மைக்லயே சொல்லிருங்கய்யா."

ஆசீர்வாதம் சூரியபிரகாஷைப் பார்த்தார், ஏதாவது நியாயம் சொல்வான் என்று எதிர்பார்த்தது போல. சூரியபிரகாஷ் அவசரமாக நோட்டைப் பார்த்தான். நாகஜோதி யாரையும் காப்பாற்றுவதாக இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நாளைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்க்கச் செயலாளர் எழுந்து மைக் முன்னால் போய் நின்றார். முப்பத்தெட்டு வருஷம் பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்த மனிதர். "சபையாருக்கு..." என்றார். இருமினார். "சபையாருக்கு ஓர் அறிவிப்பு. நான்..." அதற்கு மேல் வரவில்லை. மைக் அவர் நெற்றிக்கு நேராக நின்றுகொண்டிருந்தது.

இம்மானுவேல் வந்து ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தினார். மைக்கை அவர் வாயின் மட்டத்துக்கு இறக்கி, அசையாதபடி இறுக்கினார்.

"'நான்'ங்கிறதைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கய்யா" என்றார். "கடைசி வரிசைக்குக் கேக்காது."